பழைய கினிப்பன்றிகளோடு புதியதைச் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலும், பொள்ளாச்சி, உடுமலை, கோபி பக்கத்துத் தோட்டத்து வீடுகளிலும் கினிப்பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வாங்கித்தான் தொடங்குகிறார்கள். சில மாதம் கழித்து இன்னொன்றை வாங்கி வந்து, அன்று மாலையே பழைய கூண்டுக்குள் விடுகிறார்கள். துரத்தலும் உறுமலும் பல் நறநறப்பும் எழுந்ததும் "இதுகளுக்கு ஒத்துவரவில்லை" என்று பிரித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஒத்துவராத கினிப்பன்றிகள் உண்டு என்றாலும், அவை குறைவு. புதியதைச் சேர்க்கும் வேலையில் முக்கால் பங்கு அவை ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள கால் பங்கில் வளர்ப்பவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் குறுக்கே போகாமல் உட்கார்ந்திருப்பதுதான். கீழே உள்ள பதில்களும் அந்த வரிசையில்தான் செல்கின்றன.

என் வீட்டில் ஒன்று மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குத் துணை வேண்டுமா?

வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வீட்டு விலங்காக்கப்பட்ட கினிப்பன்றி, கூட்டமாக வாழும் இனம். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் நடைமுறையில் உள்ள விலங்குப் பாதுகாப்பு விதிகள், இத்தகைய சமூக விலங்குகளைத் தனியாக வளர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன. நீங்கள் தினமும் மடியில் வைத்துக் கொஞ்சினாலும், அது உங்கள் நாளில் ஒரு மணி நேரம். கினிப்பன்றியோ இரவும் பகலும் விட்டுவிட்டு விழித்து, மேய்ந்து, குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் விலங்கு. கண்ணாடியும் பொம்மையும் துணையாகா.

எந்தச் சேர்க்கை நிலைத்து நிற்கும்?

பெண்கள் இரண்டோ மூன்றோ நான்கோ ஒன்றாக இருப்பது பொதுவாக எளிது. அதைவிட அமைதியான கூட்டம், ஆண்மை நீக்க அறுவை செய்யப்பட்ட ஓர் ஆணும் சில பெண்களும் சேர்ந்தது. பெண்களுக்குள் எழும் சில்லறைச் சண்டைகளுக்குள் அந்த ஆண் புகுந்து நடந்து வருவதே பல வேளைகளில் போதுமானதாக இருக்கிறது. அறுவை முடிந்த கையோடு அந்த ஆணைப் பெண்களிடம் விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உடலில் எஞ்சியுள்ள விந்தணுவால் கருவுறும் வாய்ப்பு இருப்பதால், ஏறக்குறைய 6 வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

ஆண்கள் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வளர்ந்த ஓர் ஆணும் பால்குடி மறந்த ஓர் ஆண் குட்டியும் சேர்வது, வளர்ந்த இரண்டு ஆண்கள் சேர்வதைவிட எளிது. குட்டிக்கு 3 மாதம் ஆனதிலிருந்து ஒரு வயது தாண்டும் வரை விடலைப் பருவம் என்பதால், அதுவரை சாதுவாக இருந்த குட்டி திடீரென்று பெரியதை எதிர்க்கத் தொடங்கும். இடம் தாராளமாக இருந்து, அருகில் பெண் கினிப்பன்றியின் வாடையும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலான இணைகள் இந்தப் பருவத்தைக் கடந்துவிடும். ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் இரண்டு ஆண்களிடம் மூன்றாவது ஆணைக் கொண்டு வருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த மூன்றாவதற்குத் துணை வேண்டுமென்றால் வேறொரு கூண்டில் வேறொரு இணையாக வைப்பதே அறிவுடைமை.

அறுவை செய்யாத ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் குட்டி நிச்சயம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஈன்ற அன்றே தாய் மீண்டும் கருவுறக்கூடும். பெண்ணுக்கு ஏறத்தாழ 7 மாதத்துக்கு மேல் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடுவதால், அதன் பிறகு வரும் முதல் பேறு தாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். "ஒரே ஒரு முறை குட்டி போடட்டும், குழந்தைகள் பார்க்கட்டும்" என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

கடையில் "இரண்டும் பெண்" என்று சொன்னார்கள். நம்பலாமா?

நம்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் நீங்களே பார்த்துவிடுங்கள். குட்டியின் பின்பகுதியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, அடிவயிற்றில் பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரலால் மிக மெதுவாக அழுத்தினால், ஆணாக இருந்தால் குறி வெளியே தெரியும். பெண்ணின் உறுப்பு ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற மடிப்பாக இருக்கும். மிகச் சிறிய குட்டிகளில் பழக்கப்பட்டவர்களும் தவறுவதுண்டு என்பதால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். ஆண் குட்டிகள் 3 வார வயதிலேயே இனப்பெருக்கத் திறன் பெறத் தொடங்குகின்றன. கடைக் கூண்டுகளில் ஆணும் பெண்ணும் கலந்து கிடப்பதும் வழக்கம். எனவே புதிதாக வாங்கிய பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம் என்ற எண்ணம் எப்போதும் மனதில் இருக்கட்டும். எடை வாரந்தோறும் சீராக ஏறி, வயிறு இருபுறமும் பேரிக்காயாகப் புடைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

வாங்கி வந்த அன்றே சேர்த்துவிட்டால் என்ன? எதற்காகத் தனியே வைக்க வேண்டும்?

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால் வரும் இழப்பு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதிய விலங்கைக் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம், தனி அறையில் வைக்க வேண்டும். ஒரே அறையின் இரண்டு மூலைகள் போதாது. சளி, நிமோனியா உண்டாக்கும் கிருமிகள் தும்மல் துளிகளிலும் பரவும்.

இந்தக் காலத்தில் மூன்று வகைக் கோளாறுகளைக் கவனிக்கிறோம். முதலாவது தோல் சார்ந்தது: பேன், சொறி உண்டாக்கும் நுண்ணுண்ணி, படர்தாமரை. நுண்ணுண்ணி கடுமையாகத் தாக்கினால் கினிப்பன்றி சொறிந்து சொறிந்து வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். படர்தாமரை மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் முடி உதிர்ந்த வட்டமாகத் தொடங்கும். அது மனிதர்களுக்கும் தொற்றும், குறிப்பாகத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளுக்கு. இரண்டாவது மூச்சு சார்ந்தது: கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், தும்மல், மூச்சு விடும்போது விலா ஏறி இறங்குதல். மூன்றாவது வயிறு: கழிச்சல், தீனியில் நாட்டமின்மை, எடைக் குறைவு.

தினமும் பழைய விலங்குகளுக்குத் தீனி வைத்துக் கூண்டைச் சுத்தம் செய்துவிட்டு, அதன் பிறகே புதியதிடம் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது கையை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே போட்டிருந்த சட்டையையும் மாற்றிவிடுங்கள். தட்டு, தண்ணீர் பாட்டில், துடைப்பம் அனைத்தும் தனியாக இருக்கட்டும்.

தனிமை புதியதை வாட்டும் என்பது உண்மை. 4 வாரக் குட்டி ஒன்றைத் தனியே 3 வாரம் வைப்பது மனதுக்கு ஒப்பாத காரியம் என்பதால், கூண்டில் இடமிருந்தால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளாக வாங்குவதே என் பரிந்துரை. தனிமைக் காலத்தில் அவற்றுக்கு ஒன்றுக்கொன்று துணை இருக்கும். பின்னால் கூட்டத்தில் சேரும்போதும் துரத்தல் முழுவதும் ஒன்றின் மேலேயே விழாது.

கொங்கு நாட்டில் இதற்கெல்லாம் மருத்துவர் கிடைப்பார்களா?

கோயம்புத்தூர், ஈரோடு போன்ற ஊர்களில் நாய், பூனையோடு சிறு வளர்ப்பு விலங்குகளையும் பார்க்கும் தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பின்னால் உடுமலைப்பேட்டையில் வந்த கல்லூரியும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும் கோழியும்தான் அன்றாட வேலை என்பதால், போவதற்கு முன்பே "கினிப்பன்றி பார்த்துப் பழக்கம் உண்டுங்களா?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

எவரிடம் காட்டினாலும் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: வாய்வழி பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, உயிரையே பறிக்கக்கூடியவை. வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் கொடுத்துப் பார்ப்பது கூடவே கூடாது. சொறிக்குத் தரும் ஐவர்மெக்டினையும் எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில்தான் தர வேண்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்த பாட்டிலிலிருந்து கண்ணளவில் எடுக்காதீர்கள்.

முயலை அல்லது லவ் பேர்ட்ஸை ஒரே கூண்டில் துணையாக வைக்கலாமா?

வேண்டாம். முயலின் உடலில் நோய்க்குறி எதுவும் காட்டாமல் இருக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவை உண்டாக்கும். முயல் பின்காலால் உதைத்தால் எலும்பு முறியும். பறவையின் எச்சம் மேலிருந்து தீனியில் விழும். ஒரு கினிப்பன்றிக்குத் துணை இன்னொரு கினிப்பன்றிதான்.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இரண்டுக்குக் குறைந்தது 8 சதுர அடித் தரைப்பரப்பு, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 2 முதல் 3 சதுர அடி கூடுதல். ஆண்கள் என்றால் இன்னும் தாராளம். கடைகளில் விற்கும் 2 அடிக்கு ஒன்றரை அடிக் கூண்டு 3 சதுர அடிதான் வரும். அதில் ஒன்றைக்கூட வைக்கக் கூடாது. மாடி வைத்த கூண்டில் மேல்தளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சண்டையில் தோற்றது விலகி ஓடத் தேவைப்படுவது தரை.

"ஒத்துவரவில்லை" என்று சொல்லப்படும் கூட்டங்களில் பலவற்றின் உண்மையான கோளாறு இடப்பற்றாக்குறையே. எனவே புதியது வருவதற்கு முன்பே கூண்டைப் பெரிதாக்கிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைவிடம், அதற்கு மேல் ஒன்று கூடுதலாக. ஒவ்வொரு மறைவிடத்துக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் சிறியது நுழைந்தால், பெரியது வாசலில் நின்று அதை மடக்கிவிடும். திருப்பூர் பக்கம் எளிதில் கிடைக்கும் அட்டைப் பெட்டிகளில் எதிரெதிராக இரண்டு வாசல் வெட்டினால் போதும், நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதே ஊரின் பனியன் வேஸ்ட் துணியைத் தரையில் விரிப்பவர்களும் உண்டு. நூல் பிரிந்து காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் ஓரம் தைத்த துண்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு, தீனித் தட்டு இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர் மூலைகளில் இருக்கட்டும்.

எந்த மாதத்தில் சேர்ப்பது நல்லது?

கினிப்பன்றிக்கு உகந்த வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியை நெருங்கும்போதே வெப்பத்தாக்கு ஆபத்து தொடங்கிவிடும். கரூர் பரமத்தியிலும் ஈரோட்டிலும் கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் வருகின்றன. புதிய அறிமுகம் என்பது ஓட்டமும் பதற்றமும் நிறைந்தது. அதை வெயிலோடு சேர்த்தால் சண்டையில் சாகாதது மூச்சிரைப்பில் செத்துவிடும். ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களையும் கத்திரி வெயிலையும் தவிர்த்துவிடுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலம் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளுக்கு நல்ல காலம். காற்று நேரடியாகக் கூண்டின் மேல் மோதாமல் ஒருபுறம் சாக்கைக் கட்டித் தடுத்தால் போதும். மார்கழி, தை மாதங்கள் எல்லாப் பகுதிக்கும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விரிப்பும் காய்ந்த புல்லும் ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அப்போது வாங்கும் விலங்கின் தோலைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

கோடையில் சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் முதல் கட்டத்தை முடித்துவிடுங்கள்; மின்தடை வந்தாலும் சமாளிக்க, துணியில் சுற்றிய பனிக்கட்டி பாட்டில்களைத் தயாராக வைத்திருங்கள்.

அறிமுக நாளில் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் ஆளிருக்கும் முழு நாளைத் தேர்ந்தெடுங்கள். அலுவலகம் கிளம்பும் முன் அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலை அல்ல இது. இடம் பழைய கூண்டாக இருக்கக் கூடாது, இரு தரப்புக்கும் சொந்தமில்லாத பொது இடமாக இருக்க வேண்டும். வரவேற்பறையின் ஒரு மூலை, கூரையுள்ள ஆசாரம், சுற்றிலும் அடைத்த தாழ்வாரம் எதுவானாலும் சரி, 20 முதல் 30 சதுர அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். டைல்ஸ் தரை வழுக்கும். வழுக்கும் தரையில் ஓடும் கினிப்பன்றி பயந்த கினிப்பன்றியாகிவிடும். பழைய பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் காலுக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். தோட்டத்து வீடுகளில் திறந்த களத்தில் விட வேண்டாம்: நாய், பூனை, கீரி, பாம்பு அத்தனைக்கும் அது அழைப்பு.

நடுவில் காய்ந்த புல்லைக் குவியலாகப் போடுங்கள். கொத்தமல்லித் தழையும் குடைமிளகாய்த் துண்டுகளும் பல இடங்களில் சிதறிக் கிடக்கட்டும். ஒரே தட்டில் வைத்தால் அந்தத் தட்டே சண்டைக்குக் காரணமாகிவிடும். மறைவிடங்களை இந்தக் கட்டத்தில் வைக்க வேண்டாம். ஒளிந்துகொண்டால் பழக்கம் ஏற்படாது, ஒளியுமிடத்துக்காகவும் சண்டை வரும்.

பிறகு பழைய கூட்டம் முழுவதையும் புதியதையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தி, பின்னர் எல்லாவற்றையும் சேர்ப்பது பொறுமையான முறையாகத் தோன்றினாலும், அதில் யார் பெரியவர் என்ற கணக்கை அவை மறுபடி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். விட்ட பிறகு, தடித்த துண்டு ஒன்றையும் ஓர் அகலமான அட்டையையும் அருகில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். குறைந்தது 2 அல்லது 3 மணி நேரம். அரை நாள் ஆனாலும் நல்லதே. குழந்தைகள் பார்க்கட்டும், ஆனால் கை நீட்ட வேண்டாம்.

துரத்துகிறது, மேலே ஏறுகிறது, உறுமுகிறது. பிரித்துவிடட்டுமா?

பிரிக்க வேண்டாம். அடிபட்டால் ஒழிய, இவை அனைத்தும் வரிசை முறையைத் தீர்மானிக்கும் பேச்சு. பட்டியில் புதிய ஆட்டை விட்டால் முதல் நாள் முட்டல் நடக்காமல் இருக்காது என்று ஆடு வளர்ப்போர் அறிவார்கள். யாரும் ஓடிப்போய் விலக்குவதில்லை.

உடலைத் தாழ்த்திப் பின்பகுதியை இருபுறமும் அசைத்துக்கொண்டு, அடித்தொண்டையில் அதிரும் ஒலியோடு நடப்பது இயல்பு. பின்புறத்தை முகர்வது, துரத்துவது, மேலே ஏறுவது, மூக்கை உயர்த்தி யார் உயரம் என்று பார்ப்பது, பின்பகுதியைத் தரையில் தேய்த்து வாடை பதிப்பது ஆகியவையும் அவ்வாறே. மேலே ஏறுவது ஆண்கள் மட்டும் செய்வதன்று. பெண்ணும் பெண்ணின் மேல் ஏறும். பிடிக்காத பெண் பின்பக்கமாகச் சிறுநீரைப் பீய்ச்சி "போதும்" என்று சொல்லிவிடும். குட்டிகள் எதுவும் நடக்காதபோதே கீச்சிட்டுக் கத்தும். அந்தச் சத்தம் பயத்தின் அறிவிப்பு, வலியின் அறிவிப்பு அல்ல. வளர்ப்பவர்கள் இங்கேதான் மனம் இளகி எடுத்துவிடுகிறார்கள். எடுத்தவுடன் அதுவரை நடந்த பேச்சு பாதியில் அறுந்து, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்குகிறது.

எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியவை வேறு. இரண்டும் நேருக்கு நேர் நின்று, பிடரி மயிர் சிலிர்த்து, பல்லை இடைவிடாமல் நறநறத்து, வாயைக் கொட்டாவிபோல் அகலத் திறந்து பல் காட்டுகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் வந்து, ஒரு பக்கம் விலகிப்போனால் கவலையில்லை. எல்லாம் சேர்ந்து வந்து, இரண்டும் விலகாமல் நின்றால் பாய்ச்சல் அருகில் உள்ளது. நடுவில் அட்டையை இறக்கி ஒன்றையொன்று பார்க்கவிடாமல் செய்து, கொஞ்சம் தழையைப் போடுங்கள்.

எப்போது கட்டாயம் பிரிக்க வேண்டும்?

இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்தாக உருளும்போதும், இரத்தம் வந்தபோதும். வெறுங்கையை நுழைக்காதீர்கள், உங்களை அறிந்த விலங்கும் அந்த வேகத்தில் எலும்பு வரை கடிக்கும். துண்டை மேலே போட்டு, ஒன்றை அதற்குள் சுருட்டி எடுங்கள். சிறு கீறலாக இருந்தால் சாதாரண உப்புநீரால் கழுவினால் போதும். ஆழமான கடியானால் உள்ளே சீழ் கட்டும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதட்டிலோ காதிலோ தற்செயலாகப் பட்ட சிறு கீறலையும் வேண்டுமென்றே கடித்த காயத்தையும் பிரித்தறிய வேண்டியது உங்கள் பொறுப்பு. முதலாவதோடு முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் குளிப்பாட்டினால் வாடை ஒன்றாகிச் சண்டை வராது என்கிறார்களே?

நனைந்து நடுங்கும் விலங்குகள் சண்டை போடாமல் இருப்பது நட்பால் அல்ல, அச்சத்தால். உலர்ந்ததும் பழைய கணக்குத் தொடரும். மூக்கில் வாசனை எசன்ஸ் தடவுவதும் இதே வகை.

கம்பி வலை இடையில் வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் சில நாள் வைக்கலாமா?

தனிமைக் காலம் முடிந்த பிறகு வைக்கலாம். வளர்ந்த ஆண்களுக்கும் மிகவும் அஞ்சும் குட்டிகளுக்கும் இது உதவுகிறது. வாடையும் குரலும் பழகும், வலைக்கு இருபுறமும் புல் வைத்தால் எதிரெதிரே இருந்து தின்னும். ஆனால் வாரக்கணக்கில் நீட்ட வேண்டாம். வலையின் வழியே வரிசை முறை தீராது. எரிச்சல் மட்டும் ஏறிக் கம்பியைக் கடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் போதும். வலைக்கண் சிறியதாக இருக்கட்டும், மூக்கு நுழைந்தால் கடி விழும்.

பொது இடத்தில் அமைதியாகிவிட்டன. அடுத்து?

துரத்தல் குறைந்து, எல்லாம் ஒரே குவியலில் தின்று, ஒன்றிரண்டு படுத்து ஓய்வெடுத்தால் கூண்டுக்கு மாறும் நேரம். அதற்குள் கூண்டை முழுவதும் கழுவி, விரிப்பை மாற்றி, மறைவிடங்களையும் தட்டுகளையும் வேறு இடங்களுக்கு மாற்றியிருக்க வேண்டும். பழையவற்றுக்கு அது தங்கள் வீடு என்று தோன்றாமல் இருந்தால் காவல் காக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுங்கள். கூண்டுக்குள் மறுபடியும் சற்றுத் துரத்தல் நடக்கும். இடம் மாறியதால் எழும் இரண்டாவது சுற்று அது. அன்றிரவு "இருக்கட்டும், தனியே படுக்கட்டும்" என்று புதியதைப் பிரித்து வைத்தால், மறுநாள் காலையில் மீண்டும் முதல் நாள்தான்.

முழு அமைதி வர சில நாள் முதல் 2 வாரம் வரை ஆகலாம். பெண்களின் சூல் சுழற்சி ஏறக்குறைய 15 முதல் 17 நாளுக்கு ஒருமுறை வருவதால், நன்றாக இருந்த கூட்டத்தில் ஒரு நாள் மட்டும் உறுமலும் ஏறலும் திரும்பினால் திகைக்க வேண்டாம்.

புதியது சரியாகத் தின்கிறதா என்று எப்படி அறிவது?

சமையலறைத் தராசால். முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி வையுங்கள். வளர்ந்த கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். அதில் 50 கிராம் குறைந்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும், 100 கிராம் குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டியின் எடை குறையாவிட்டாலும், ஏறாமல் நின்றாலே கவலைக்குரியது. அரை நாளுக்கு மேல் எதுவும் தின்னாத கினிப்பன்றிக்குக் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும். அது அவசர நிலை.

கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ளதற்குத் தீனி கிடைப்பதை உறுதிசெய்யும் எளிய வழி, புல்லை எப்போதும் தீராமல், பல இடங்களில் வைப்பது. விலை கொடுத்து வாங்கும் திமோத்தி புல்தான் வேண்டும் என்பதில்லை. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் விளையும் கொழுக்கட்டைப் புல்லைப் பூ விடும் முன் அறுத்து நிழலில் காயவைத்தால் நல்ல உலர்புல் ஆகும். முற்றியபின் அதன் முட்கதிர் வாயையும் கண்ணையும் குத்தும். அருகம்புல்லும் நல்லதே, மருந்தடித்த வரப்பிலிருந்து அறுக்காதவரை. இளஞ்சோளத் தட்டில் நஞ்சு உண்டென்று மாடு வைத்திருப்போர் அறிந்ததால், அதைத் தவிர்க்கலாம். குதிரை மசாலில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. வளரும் குட்டிக்கும் சினைக்கும் ஏற்றது, வளர்ந்தவற்றுக்குச் சிறிதளவே தர வேண்டும். கினிப்பன்றியின் உடல் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். இடமாற்றப் பதற்றத்தில் தீனி குறையும் நாட்களில் ஒரு சிறு துண்டு கொய்யாவும் குடைமிளகாயும் தவறாமல் கிடைக்கட்டும்.

எவ்வளவு முயன்றும் கடித்துக்கொள்கின்றன. இனி என்ன செய்வது?

ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, இன்னும் பெரிய பொது இடத்தில் ஒரு முறை முயலலாம். அப்போதும் இரத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒன்றையொன்று ஆழமாகக் கடித்த ஆண்கள் மீண்டும் சேர்வது அரிது. பெண்களிடம் நாள் தவறாமல் எரிச்சல் தெரிந்தால், முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். சூலகக் கட்டிகள் வயதான பெண்களில் மிகப் பரவலானவை, அவற்றால் குணம் மாறுவதுண்டு. எதுவும் உதவாதபோது, வலைத் தடுப்புக்கு இருபுறமும் இரண்டு இணைகளாகப் பிரித்து வைப்பது தோல்வியாகாது. தனித்தனியே இருந்தாலும் குரல் கேட்கும், வாடை தெரியும். அந்த ஏற்பாடு வேண்டுமென்றால் நான்காவது ஒன்றுக்கான இடமும் செலவும் தேவைப்படும் என்பதை முதல் விலங்கை வாங்கும்போதே எண்ணிப் பார்த்திருப்பது நல்லது.

இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. எஞ்சியதற்கு 5 வயது. இந்த வயதில் புதியதைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். கினிப்பன்றியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 8 ஆண்டு என்பதால், எஞ்சிய காலத்தை அது தனிமையில் கழிக்க வேண்டியதில்லை. இறந்தது நோயால் என்றால், அந்த நோய் தொற்றக்கூடியதா என்று முதலில் மருத்துவரிடம் தெளிவுபடுத்திக்கொண்டு, கூண்டைக் கழுவி வெயிலில் நன்கு உலர்த்துங்கள். துள்ளும் குட்டி ஒன்றைவிட 2, 3 வயதான அமைதியான ஒன்று வயதானதற்கு இதமாக இருக்கும். அத்தகையது கிடைக்காமல் குட்டிதான் கிடைக்கும் என்றால், இரண்டு குட்டிகளாக எடுத்தால் அவை தமக்குள் விளையாடிக்கொள்ளும், பெரியதைப் படுத்தாது. எஞ்சியது தீனியைக் குறைத்துக்கொண்டே போகிறது என்றால் மட்டும், தனிமைப்படுத்தும் 3 வாரத்தை 2 வாரமாகச் சுருக்கலாம். அப்போதும் புதியதை மருத்துவரிடம் காட்டித் தோலும் நுரையீரலும் சரியாக உள்ளன என்று அறிந்த பிறகே சேர்க்க வேண்டும்.